ஸ்கேற்றிங் ரிங்க் தேடுற எங்கட சனத்துக்கு: ஸ்காபரோ பக்கம் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

டிசம்பர் பிறந்தால் காணும், என்ர போன் சும்மா இருக்காது. தமிழ் வகுப்பு வாசலில நிக்கிற தாய்தகப்பன், ஊரிலயிருந்து புதுசா வந்த சொந்தம், வேலையில கூட நிக்கிறவை எண்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுத்திச் சுத்திக் கேக்கினம். வொய்ஸ் மெசேஜில பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை நொந்துபோச்சு, அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவிடுறன். நான் கோச் இல்லை, ஹொக்கிக்காரியும் இல்லை, 43 வயசில முதல்தரம் ஸ்கேற்ஸ் போட்ட ஒரு அம்மா. கேட்டவையின்ர வாயில வந்த மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கு, ஆக்களின்ர பேர் மட்டும் இல்லை.

அக்கா, எங்கட வீட்டுக்குக் கிட்ட ரிங்க் எங்க இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ரொறன்ரோ சிற்றியின்ர இணையத்தளத்தில ஸ்கேற்றிங் எண்டு தேடினால் மப் வரும், உங்கட போஸ்ட்டல் கோட்டைப் போட்டால் கிட்ட இருக்கிறதைக் காட்டும். கணினியோட மல்லுக்கட்ட ஏலாதெண்டால் சிற்றியின்ர போன் இலக்கம் 311க்கு அடிச்சுக் கேளுங்கோ. சிற்றி நடத்துற திறந்தவெளி ரிங்க் மட்டும் ஐம்பதுக்கு மேல, அதுக்குமேல உள்ளுக்க இருக்கிற அரீனாக்கள் வேற. ஸ்காபரோ ஆக்களுக்கு சிவிக் சென்ரருக்கு முன்னால அல்பேர்ட் கம்பெல் ஸ்குவெயர் இருக்கு, ஸ்காபரோ சென்ரர் பஸ் நிலையத்தில இறங்கி நடக்கலாம் (பழைய ஆர்.டி. ரயில் 2023 யூலையோட நிண்டுபோச்சு, இன்னும் அதை நினைச்சுக்கொண்டு வெளிக்கிடுற ஆக்கள் இருக்கினம், பஸ்தான் இப்ப). உள்ளுக்க எண்டால் அஜின்கோட், மல்வேர்ன், எல்ஸ்மியர் ரோட்டில இருக்கிற சென்ரெனியல், இந்த மூண்டு ரெக்ரியேசன் சென்ரரிலயும் அரீனா இருக்கு.

ஒரு விசயத்தில கன பேர் பிழைவிடுறவை. ஸ்ரீல்ஸ் ரோட்டைத் தாண்டினால் அது மார்க்கம், வேற சிற்றி. வீட்டிலயிருந்து ஐஞ்சு நிமிசத்தில மார்க்கம் ரிங்க் இருந்தாலும் ரொறன்ரோ மப்பில அது வராது. ஹைவே 7ம் வோர்டனும் சந்திக்கிற இடத்தில, மார்க்கம் சிவிக் சென்ரருக்கு முன்னால இருக்கிற தடாகம் குளிர்காலத்தில ரிங்க் ஆகும், வடிவான இடம், ஸ்காபரோ வடக்கில இருக்கிற ஆக்களுக்கு டவுண்டவுனை விட அதுதான் கிட்ட.

ரிங்க், அரீனா, பாட் எண்டு ஆளுக்கொண்டு சொல்லுகினம், எல்லாம் ஒண்டோ?

ஐஸ் இருக்கிற தளம் ரிங்க். கூரையும் சுவரும் போட்ட கட்டடம் அரீனா. ஒரு அரீனாவுக்குள்ள ரெண்டு தளம் இருந்தால் ஒவ்வொண்டையும் பாட் எண்டுவினம், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் என்னெண்டால், சிற்றியின்ர வெளி ரிங்க் கனக்க செயற்கை ஐஸ். கொங்கிறீற்றுக்குக் கீழ குழாய் ஓடுது, அதுக்குள்ள உறையாத உப்புத்தண்ணி மாதிரி ஒரு திரவத்தைக் குளிராக்கிச் சுத்தவிடுறது, அதால வெளியில ப்ளஸ் 4, 5 எண்டாலும் ஐஸ் தாக்குப்பிடிக்கும். சில பார்க்கில பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்து ஹோஸால தண்ணி அடிச்சுச் செய்யிற இயற்கை ரிங்கும் இருக்கு, அதெல்லாம் நல்ல குளிர் தொடர்ந்து அடிச்சால்தான்.

உள்ளுக்க போகக் காசு எவ்வளவு கட்டோணும்?

சிற்றியின்ர லெஷர் ஸ்கேற் (எல்லாரும் சும்மா சுத்துற நேரம்) இலவசம். வெளியிலயும் சரி, அரீனாவிலயும் சரி. எத்தினை தரம் சொன்னாலும் எங்கட ஆக்கள் நம்புறேல்லை, "அப்ப எங்கேயோ ஒளிச்சுக் காசு எடுப்பாங்கள்" எண்டு ஒரு அண்ணை சொன்னவர், ஒளிக்கேல்லை அண்ணை, உங்கட வீட்டு வரியில ஏற்கெனவே எடுத்துப்போட்டாங்கள்.

காசு போற இடங்கள் வேற: ஸ்கேற்ஸ் வாடகை, டவுண்டவுன் பார்க்கிங், வகுப்பு, பெரியாக்களின்ர ஷின்னி (சும்மா சேர்ந்து விளையாடுற ஹொக்கி), பிறகு தனியார் நடத்துற அரீனாக்கள். தனியார் இடத்துக்குப் போக முதல், சிற்றி இடத்தில அதே நேரம் என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ.

நாங்கள் போனனாங்கள், ரிங்க் திறந்துதான் கிடந்தது, ஆனா பிள்ளையளை விடேல்லை. ஏன் அப்பிடி?

இதுதான் எனக்கு வாற கேள்வியளில முதலாமிடம். ரிங்க் திறந்திருக்கிறதும் உங்களுக்குத் திறந்திருக்கிறதும் ஒண்டில்லை. ஒரே ஐஸை நேரம் நேரமாப் பிரிச்சு வச்சிருக்கினம். லெஷர் ஸ்கேற் எண்டால் எல்லாரும் சும்மா சுத்தலாம், தடி பந்து கிடையாது. ஷின்னி எண்டால் கோச், ரெஃபரி ஒண்டும் இல்லாம வந்தவையே ரெண்டா பிரிஞ்சு விளையாடுற ஹொக்கி, எங்கட ஒழுங்கைக் கிரிக்கெற் மாதிரி, ஆனா அதுக்கும் வயசுப் பிரிவு இருக்கு. மூண்டாவது பெர்மிற், ஆரோ ஒரு குழு அந்த மணித்தியாலத்தை வாடகைக்கு எடுத்திருக்கும்.

நானும் ஒருக்கா மைனஸ் 12ல ரெண்டு பிள்ளையளையும் சின்னவளின்ர வண்டிலையும் கொண்டுபோய் இறங்கினால், ஐஸ் முழுக்க மீசை வச்ச பெரியாக்கள் தடியோட நிக்கினம். பெரியவன் ஸ்கேற்ஸைப் போட்டுக்கொண்டு வாங்கில இருந்து முக்கால் மணித்தியாலம் அழுதவன். அண்டைக்குப் பிறகு நான் விட்ட இடமில்லை, அந்த ரிங்கின்ர பக்கத்தில அண்டைய திகதியின்ர அட்டவணையைப் பாத்துத்தான் வெளிக்கிடுறது. போன கிழமை பாத்த அட்டவணை காணாது, விடுமுறைக் கிழமையில எல்லாம் மாறும். நடுவில ஐஸைத் திருத்த மெசின் வரும், அப்பவும் எல்லாரும் வெளியில ஏறோணும், அது கொஞ்ச நேரம்தான், ஓடிப்போய்க் காருக்குள்ள ஏறவேண்டாம்.

எந்த மாதத்தில போனால் நல்லது?

வெளி ரிங்க் நவம்பர் கடைசியில தொடங்கி மார்ச் நடு மட்டும், சிலது அதுக்கு முன்னமே மூடுப்படும். கிறிஸ்மஸ் லீவிலயும் ஃபமிலி டே அண்டைக்கும் (பெப்ரவரி மூண்டாவது திங்கள்) டவுண்டவுன் ரிங்க் நல்லூர்த் தேர் மாதிரி. பழகிற ஆக்கள் அண்டைக்குப் போகாதையுங்கோ. ஜனவரியில ஒரு செவ்வாய், புதன் பின்னேரம் போய்ப் பாருங்கோ, ரிங்க் முழுக்க உங்களுக்குத்தான்.

மழை பெய்தால் மூடுவினம், பெரிய ஸ்னோ கொட்டினாலும் வழிக்கும் மட்டும் மூடுவினம். மைனஸ் 20க்குக் கீழ எண்டால் அவை திறந்து வச்சிருந்தாலும் நான் சின்னனுகளைக் கொண்டுபோகமாட்டன், அரீனாவுக்குத்தான்.

ஸ்கேற்ஸ் வாங்கிறதோ வாடகைக்கு எடுக்கிறதோ?

முதல்தரம் எண்டால் வாடகை. ஆனா எல்லா ரிங்கிலயும் வாடகை இல்லை, அதைக் கவனியுங்கோ, எங்கட பக்கத்துச் சின்ன ரிங்குகளில ஒரு பெஞ்சும் உடுப்பு மாத்திற அறையும்தான் இருக்கும். டவுண்டவுனில சிற்றி ஹோலுக்கு முன்னால நேதன் பிலிப்ஸ் ஸ்குவெயரில வாடகைக்கு எடுக்கலாம். மூண்டு நாலு தரம் போறதெண்டு முடிவெடுத்தால் வாங்கிறதுதான் லாபம், அதுவும் பாவிச்சது. பிளே இற் அகெய்ன் ஸ்போர்ட்ஸ், வலியூ விலேஜ், அதைவிட உங்கட தெருவில பிள்ளை வளந்த வீடு. ஒரு சீசன் போட்டுக் கழட்டின சின்னப்பிள்ளை ஸ்கேற்ஸ் புதுசு மாதிரித்தான் இருக்கும்.

சைஸ் விசயத்தில எங்கட அம்மாமாரோட எனக்கு ஒவ்வொரு வருசமும் சண்டை. வளருற பிள்ளை எண்டு பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி ரெண்டு சைஸ் பெருசா வாங்கி, உள்ளுக்க மூண்டு சொக்ஸ் போட்டு அடைக்கிறது. அப்பிடிச் செய்தால் கணுக்கால் ரெண்டும் உள்ளுக்கு மடங்கும், பிள்ளை ஐஸில நடக்கிற வாத்து மாதிரி, பிறகு "இவனுக்கு இது சரிவராது" எண்டு சொல்லுறது. ஸ்கேற்ஸ் வழமையாச் சப்பாத்து சைஸை விட ஒரு சைஸ், ஒண்டரை சைஸ் சின்னனாத்தான் வரும். பெருவிரல் முன்னுக்கு முட்டியும் முட்டாமலும் இருக்கோணும், முழங்காலை மடிச்சால் குதிக்கால் பின்னுக்குப் போய் இறுக்கமா நிக்கோணும். மொத்தமில்லாத ஒரு சோடி சொக்ஸ் காணும்.

ஹொக்கி ஸ்கேற்ஸ் நல்லதோ, ஃபிகர் ஸ்கேற்ஸ் நல்லதோ? அந்த ரெண்டு பிளேட் வச்சது?

ஃபிகர் ஸ்கேற்ஸில பிளேட் நீளமாவும் தட்டையாவும் இருக்கும், முன்னுக்குப் பல்லுப் பல்லா ஒரு நுனி இருக்கும், முன்பின்னா சமநிலை கொஞ்சம் லேசு, ஆனா அந்தப் பல்லு தடுக்கிக் குப்புற விழுறதுதான் புது ஆக்களின்ர பிரச்சினை. ஹொக்கியில பிளேட் வளைவு கூட, திரும்பிறது லேசு, பின்னால சாய்ஞ்சால் மல்லாக்க விழுவியள். பெட்டையளுக்கு வெள்ளை ஃபிகர், பொடியளுக்குக் கறுப்பு ஹொக்கி எண்டது கடைக்காரற்ற பழக்கம்தான். என்ர மகள் ஹொக்கி ஸ்கேற்ஸ், நான் ஃபிகர். காலுக்கு எது இறுக்கமா இருக்கோ அதை எடுங்கோ.

ரெண்டு பிளேட் வச்சுச் சப்பாத்துக்கு மேல வார் கட்டுறது இருக்கே, அதுக்குக் காசைக் குடுக்காதையுங்கோ. அதில பிள்ளை நிக்கும், ஆனா தள்ளிப் பழகாது, ஏனெண்டால் ஒரு விளிம்பில சாயிறதுதான் ஸ்கேற்றிங், அதுதான் அதில ஏலாது.

புதுச் ஸ்கேற்ஸ் அக்கா, 80 டொலர் குடுத்து வாங்கினது, பிள்ளை நிக்கவே ஏலாமச் சறுக்குது. பழுதோ?

பழுதில்லை, சாணை பிடிக்கேல்லை. புதுசு கனக்கப் பெட்டியிலயிருந்து வரேக்க தீட்டாமத்தான் வரும். பிளேட்டின்ர அடியை வடிவாப் பாருங்கோ, அது கத்தி மாதிரி ஒரு முனை இல்லை, நடுவில ஒரு பள்ளம் ஓடும், ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு. அந்த ரெண்டு விளிம்பும்தான் ஐஸைப் பிடிக்கிறது. பள்ளத்தின்ர வளைவை ஹொலோ எண்டுவினம், அரை அங்குலம் வழமை, பழகிற ஆக்களுக்கு ஐஸ் கனக்கப் பிடிக்காமல் இருக்க 5/8 அங்குலம் கேக்கலாம், அது பள்ளம் குறைவு, வழுக்கி நிக்கிறது லேசு.

ஹொக்கிச் சாமான் விக்கிற கடை எதிலயும் தீட்டுவினம், ஆனா மெசினில நிக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கோணும். எனக்கு ஒரு கடையில ஃபிகர் ஸ்கேற்ஸின்ர முன் பல்லில கீழ்ப் பல்லையே உரசி எடுத்துத் தந்தவங்கள், வீட்ட வந்துதான் கண்டனான். பல்லைத் தொடவேண்டாம் எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. தீட்டினதைக் கெடுக்கிறதும் நாங்கள்தான், கார் பார்க்கில ஸ்கேற்ஸோட நடந்தால் ஒரு நிமிசத்தில விளிம்பு போயிடும். பிளேட்டுக்குப் பிளாஸ்ரிக் உறை (கார்ட்) போடுங்கோ, இல்லாட்டி ரப்பர் விரிச்ச இடத்தில மட்டும் நடவுங்கோ. வீட்ட வந்து பிளேட்டைத் துடைச்சு வையுங்கோ, ஈரத்தோட கார்டுக்குள்ள விட்டால் கறள் பிடிக்கும்.

ஹெல்மெற் கட்டாயமோ? சைக்கிள் ஹெல்மெற் இருக்கு, காணாதோ?

சிற்றி ரிங்கில ஆறு வயசுக்குக் கீழ சிஎஸ்ஏ (கனடாவின்ர தரநிர்ணய அமைப்பு) முத்திரை குத்தின ஹொக்கி ஹெல்மெற் கட்டாயம். மற்ற ஆக்களையும் போடச்சொல்லித்தான் சொல்லுகினம், பழகிற பெரியாக்களும் போடோணும் எண்டது என்ர பிடிவாதம். ஐஸில ஆக்கள் பின்னுக்குத்தான் கனக்க விழுறது, பிடரி அடிபடும், சைக்கிள் ஹெல்மெற் அந்தப் பிடரியை வடிவா மூடாது. சைக்கிள் ஹெல்மெற் ஒரு பெரிய அடியோட மாத்தவேண்டிய சாமான், ஹொக்கி ஹெல்மெற் திரும்பத் திரும்ப விழுறதுக்கெண்டே செய்தது. பாவிச்சது வாங்கினால் ஒட்டியிருக்கிற முத்திரையையும், வெடிப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ.

என்ன உடுத்துக்கொண்டு போறது? சுடிதாரோட ஏலுமோ?

ஏலும், ஆனா சோல் வேண்டாம். நீளமாத் தொங்கிற எதுவும் வேண்டாம், மஃப்ளரையும் உள்ளுக்க செருகுங்கோ. ஸ்னோ பான்ற்ஸ் போட்டால் விழேக்க மெத்தை மாதிரி. கையுறை கட்டாயம், குளிருக்காக மட்டுமில்லை, கை ஊண்டேக்க ஐஸ் சீவும். ஜக்கெற் கனக்க மொத்தமாப் போடாதையுங்கோ, ரெண்டு சுத்துக்குள்ள வேர்த்துப்போடும்.

எனக்கு 47 வயசு. ஊரில ஃப்ரிட்ஜுக்குள்ளதான் ஐஸைக் கண்டது. இனிப் பழகலாமோ, சனம் சிரிக்காதோ?

ஆரும் சிரிக்கிறேல்லை. உண்மையாவே. எனக்கு முதல் நாள் கையைப் பிடிச்சு நடத்தினது எட்டு வயசுச் சீனப் பிள்ளை ஒண்டு, தாய் வாங்கில இருந்து போன் பாத்துக்கொண்டிருந்தவ, அது தானா வந்து "முழங்காலை மடி, முழங்காலை மடி" எண்டு சொல்லிக்கொண்டே கூட வந்தது. அந்த ஒரு வசனத்தில பாதி ஸ்கேற்றிங் இருக்கு. எங்கட ஆக்கள் பயத்தில தடி மாதிரி நிமிந்து நிப்பினம், நிமிந்தால் பின்னுக்குத்தான் விழுவியள். கதிரையில இருக்கப்போற மாதிரி முழங்காலை மடிச்சு, கையை முன்னுக்கு வயித்து உயரத்தில வச்சு, கண்ணை எதிர்ச் சுவரில வையுங்கோ. காலைப் பாத்தால் காலுக்கே போவியள்.

முதல் நாள் சுத்தப் பாக்காதையுங்கோ. முதல் விழப் பழகுங்கோ. விழப்போறன் எண்டு தெரிஞ்சால் குந்தி ஒரு பக்கமாச் சரியிறது, கையை நேரா ஊண்டக்கூடாது, மணிக்கட்டு உடையிறது அப்பிடித்தான். எழும்பேக்க முதல் நாலுகாலில வந்து, ஒரு காலை மடிச்சு ஊண்டி, ரெண்டு கையாலயும் அந்த முழங்காலை அமத்தி எழும்புறது. பிறகு ரெண்டு குதிக்காலும் கிட்ட, முன்பக்கம் விரிஞ்சு வி எழுத்து மாதிரி வச்சுக்கொண்டு சின்னச் சின்னதா அடி வையுங்கோ, ஐஸ் தானாக் கொண்டுபோகும். நிப்பாட்டிறதுக்கு குதிக்காலை வெளியில தள்ளி, விரல் பக்கம் உள்ளுக்குப் பாக்க ஐஸைச் சீவுறது, அதை மதிலைப் பிடிச்சுக்கொண்டே பழகலாம். எனக்கு மதிலில பிடிச்ச கையை எடுக்கவே நாலு தரம் போகவேண்டி வந்தது, நிப்பாட்டப் பழக ஒரு முழு சீசன்.

எலும்புத் தேய்வு இருக்கிறவை, ரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறவை குடும்ப வைத்தியரைக் கேட்டுப்போட்டுப் போங்கோ. மற்றவைக்கு ஒரே ஒரு கேள்விதான்: பிள்ளை உள்ளுக்க சுத்தேக்க நீங்கள் வெளியில கால் விறைக்க ரெண்டு மணித்தியாலம் நிக்கிறியளே, அது சுகமோ?

பிள்ளை விழுந்தால் விரலுக்கு மேல ஆரும் ஏறிப்போடுவினமோ?

எல்லா அம்மாமாருக்கும் இந்தப் பயம் இருக்கு. விழுந்த உடன கையைப் பொத்திக்கொண்டு எழும்பச் சொல்லிப் பழக்குங்கோ, ஐஸில கையை விரிச்சு வச்சுக்கொண்டு கிடந்து அழவேண்டாம். மொத்தக் கையுறையும் காக்கும். எல்லாரும் ஒரே திசையிலதான் சுத்துவினம், பழகிறவை மதில் ஓரம், வேகமானவை வேற பக்கம். எதிர்த்திசையில போறதும், நடுவழியில நிண்டு செல்ஃபி எடுக்கிறதும்தான் ஆபத்து. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேற் பண்ணாதையுங்கோ, கனக்க இடத்தில அது விதியாவே இருக்கு, நீங்கள் விழுந்தால் பிள்ளைக்கு மேலதான் விழுவியள்.

வகுப்பில போடுறதோ, நாங்களே பழக்கிறதோ?

நீங்களே மேல சொன்ன அளவுக்குப் பழகிட்டியளெண்டால் முதல் ரெண்டு மாதம் நீங்களே காட்டலாம். ஆனா தாய்தகப்பனிட்ட அழுகிற பிள்ளை கோச்சிட்ட அழாது, அது வேற சங்கதி.

சிற்றி வகுப்பு மலிவு, அதால இடம் கிடைக்கிறது பெரும்பாடு. பதிவு காலமை 7 மணிக்குத் திறக்கும், 7:05க்கு நல்ல நேரமெல்லாம் போயிடும், நான் முதல் நாளே வகுப்பு இலக்கங்களை எழுதி வச்சுக்கொண்டு 6:50க்கு லப்டொப்புக்கு முன்னால இருக்கிறனான், தேத்தண்ணி பிறகுதான். வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு வெல்கம் பொலிசி எண்டு ஒரு உதவித்திட்டம் இருக்கு, அதைப் பதிவு நாள் வரும் மட்டும் விடாம முன்னமே விண்ணப்பிச்சு வச்சிருக்கோணும். வெக்கப்பட ஒண்டுமில்லை, வந்த புதுசில நாங்களும் எடுத்தனாங்கள். இன்னொரு வழி ஸ்கேற் கனடா எண்ட அமைப்பின்ர கான்ஸ்கேற் எண்ட பழக்கிற திட்டம், அதை அந்தந்தப் பகுதிக் கிளப்புகள் நடத்தும், ஒண்டிலயிருந்து ஆறு மட்டும் படி இருக்கு, சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு எண்டு பிரிச்சு ரிபன் குடுப்பினம். விலை கூட, ஆனா ஒழுங்கு கூட.

அந்தப் பெரிய மெசின் ஏன் சுடுதண்ணி ஊத்துது? மகன் கேட்டவன், எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

அது சாம்போனி. கலிபோர்னியாவில ஃபிராங்க் சாம்போனி எண்டவர் 1949ல செய்து முடிச்ச மெசின், இப்ப வேற கொம்பனி செய்தாலும் சனம் சாம்போனி எண்டுதான் சொல்லும். அடியில ஒரு பெரிய அலகு ஐஸின்ர மேல்பக்கத்தைச் சீவி எடுக்கும், பிறகு கழுவி, மெல்லிய படையாத் தண்ணி விரிக்கும். சுடுதண்ணி பழைய ஐஸைக் கொஞ்சம் இளக்கி அதோட ஒட்டி உறையும், அதைவிடச் சுடுதண்ணியில காத்து குறைவாக் கரைஞ்சிருக்கும், அதால ஐஸ் கெட்டியாத் தெளிவா வரும். மெசின் போன உடன ஐஸ் ஈரமா மினுங்கும், காயவிட்டு இறங்குங்கோ.

வெளியூரிலயிருந்து ஆக்கள் வந்தால் எங்க கூட்டிக்கொண்டு போறது?

படம் எடுக்கத்தான் எண்டால் நேதன் பிலிப்ஸ். வளைவு விளக்கு, பின்னால 1965ல திறந்த சிற்றி ஹோல், எல்லாம் அஞ்சலட்டை மாதிரி இருக்கும், சனமும் அப்பிடித்தான். எனக்குப் பிடிச்சது பென்ற்வே: ஃபோர்ட் யோர்க் பக்கம், கார்டினர் நெடுஞ்சாலைக்குக் கீழ, எட்டு இலக்கம் மாதிரி 220 மீற்றர் ஐஸ் பாதை, 2018ல திறந்தது, மேல கார் ஓடுற சத்தம் கேக்கக் கேக்கக் கீழ நீங்கள் சறுக்கிப் போறது ஒரு விசித்திரமான சந்தோசம். எட்டோபிக்கோவில ஏரிக்கரையோட கேர்னல் சாமுவேல் ஸ்மித் பார்க்கிலயும் 250 மீற்றரில அதே எட்டு வடிவம் இருக்கு, ஸ்காபரோவிலயிருந்து தூரம், ஆனா மரங்களுக்குள்ளால போறது வட்டம் வட்டமாச் சுத்துற மாதிரி அலுக்காது.

ஒட்டாவா கால்வாயில ஸ்கேற் பண்ண நாலரை மணித்தியாலம் காரோடுறது பிரயோசனமோ?

ஒருக்காப் போகோணும். ரிடோ கால்வாயில 7.8 கிலோமீற்றர், இலவசம், 1970-71 குளிர்காலத்திலயிருந்து நடக்குது. நடுவில ஐஸுக்கு மேலேயே கடை போட்டு பீவர்ரெயில் விப்பினம், எண்ணெயில பொரிச்சுச் சீனியும் கறுவாவும் தூவின தட்டைப் பணியாரம், அந்தக் குளிருக்கு அதைச் சொல்லி வேலையில்லை.

ஆனா ஹொட்டேலை முன்கூட்டியே காசு திரும்பாத விதமாப் போட்டுடாதையுங்கோ. அது இயற்கை ஐஸ், 30 சென்ரிமீற்றர் மொத்தம் வந்தால்தான் திறப்பினம். 2022-23 குளிர்காலத்தில ஒரு நாள் கூடத் திறக்கேல்லை, தொடங்கின காலத்திலயிருந்து அதுதான் முதல்தரம். ஜனவரி கடைசி, பெப்ரவரி முதல் பாதி எண்டு குறி வச்சு, திறந்தாச்சு எண்டு கேள்விப்பட்ட பிறகு வெளிக்கிடுங்கோ. குறைவாச் சறுக்கத் தெரிஞ்சவை போன தூரம் திரும்பி வரவும் வேணும் எண்டதை ஞாபகம் வையுங்கோ, என்ர மனுசன் மூண்டு கிலோமீற்றர் போய்த்தான் அதை யோசிச்சவர்.

எங்கட சப்டிவிசனுக்குப் பின்னால குளம் வடிவா உறைஞ்சு கிடக்கு, பொடியள் விளையாடுறாங்கள். எங்கட பிள்ளையளையும் விடலாமோ?

வேண்டாம். அது குளமில்லை, மழைத்தண்ணி சேக்கிற தொட்டி. அடியில குழாயால தண்ணி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும், மட்டம் ஏறி இறங்கும், ரோட்டுக்குப் போடுற உப்பு எல்லாம் அதுக்குள்ளதான் வருது, மேல பாத்தால் கெட்டி, கீழ ஓட்டை. ஏரி, குளத்து ஐஸுக்குக் கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுற கணக்கு ஒருத்தர் தனிய நடக்கவோ ஸ்கேற் பண்ணவோ 15 சென்ரிமீற்றர், கூட்டமா விளையாட 20, அதுவும் தெளிந்த நீல ஐஸ். வெள்ளையாக் கலங்கின ஐஸ் அதின்ர பாதிப் பலம்தான். அளந்து பாக்க ஆர் போறது? அரைக் கிலோமீற்றரில இலவச ரிங்க் இருக்கேக்க இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

ரோலர் ஸ்கேற்றிங்குக்கு எங்க போறது? கோடையில பிள்ளையள் சும்மா இருக்குதுகள்.

ரோலருக்கெண்டே ஒரு மண்டபம் எண்டால் இப்ப குறைவு. ஒரு காலத்தில டவுண்டவுன் மியூச்சுவல் ஸ்ட்ரீற்றில டெரஸ் எண்டு பெரிய ரோலர் ரிங்க் இருந்தது, 1912ல கட்டின பழைய ஹொக்கி அரீனாவை 1962ல மாத்திச் செய்தது, 1989ல மூடி இடிச்சுப்போட்டாங்கள். வேலையிடத்தில வயசான வெள்ளைக்காரர் ஒருத்தர் மனுசியைச் சந்திச்சதே அங்கதானாம், இப்பவும் அந்த ரோட்டால போகேக்க தலையைத் திருப்பாமல் போகமாட்டாராம்.

இப்ப எங்களுக்கு இருக்கிற வழி, மேல சொன்ன அதே வெளி ரிங்க். ஐஸ் போனபிறகு அது வெறும் கொங்கிறீற்றுத் தளம், பந்து ஹொக்கி, பிக்கிள்போல் எண்டு ஆக்கள் பாவிப்பினம், ஆரும் பதிவு செய்யாத நேரம் பாத்துப் பிள்ளையளை விடலாம். நல்லாப் பழகின ஆக்களுக்கு ஏரிக்கரையில மார்ட்டின் குட்மன் பாதை, ஆனா சனி ஞாயிறில சைக்கிள்காரர் பறப்பினம், விடியக் காலமை போங்கோ. சில்லு வாங்கேக்க ஒண்டைக் கேளுங்கோ: வெளியில எண்டால் மென்மையானது, 78ஏ பக்கம் (சில்லின்ர இறுக்கத்தைக் காட்டுற இலக்கம்), அது சின்னக் கல்லை விழுங்கிப்போடும். மண்டபத்துக்குள்ள எண்டால் 90ஏக்கு மேல இறுக்கமானது. மண்டபச் சில்லோட ரோட்டில இறங்கினால் பல்லுக் கிட்டும்.

ஐஸில பழகினவைக்கு ரோலர் தானா வருமோ?

போறது வரும், நிக்கிறது வராது. அதுதான் சிக்கல். ஐஸில குதிக்காலைத் தள்ளிச் சீவி நிப்பாட்டிறதெண்டு சொன்னனே, சில்லு பக்கவாட்டில சீவாது, பிடிச்சு உங்களைத் தூக்கி எறியும். நேர்வரிசைச் சில்லு எண்டால் குதிக்காலில பிரேக் இருக்கும், நாலு சில்லு எண்டால் விரல் முன்னால ரப்பர் குமிழ். அதைச் சமதரையில நூறுதரம் செய்து பாத்துப்போட்டுத்தான் ஏத்த இறக்கத்துக்குப் போகோணும். ஹெல்மெற்றோட மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் இதில கூடுதலா வேணும், ஐஸ் வழுக்கிக்கொண்டு போகும், ரோட்டு தோலை உரிக்கும்.

உள்ளுக்க சாப்பாடு கொண்டுபோகலாமோ?

ஐஸில கூடாது, வாங்கில இருந்து சாப்பிடலாம். ஃபிளாஸ்கில தேத்தண்ணி, ரெண்டு ரோல்ஸ், பிள்ளையளுக்கு வாழைப்பழம். லொக்கர் இருக்கிற இடத்துக்குப் பூட்டு நீங்கள்தான் கொண்டுபோகோணும். மிக்சரைக் கொண்டுபோய்க் கொட்டாதையுங்கோ, ஒருக்கா நான் கூட்டி அள்ளினனான்.

ரெண்டு வருசமா ஸ்கேற் பண்ணுறான், இப்ப ஹொக்கி ரீமில போடு எண்டு நிக்கிறான். போடலாமோ?

அவசரப்படாதையுங்கோ. லீக் எண்டால் பதிவுக்காசு, தலையிலயிருந்து கால் மட்டும் சாமான், விடிய 6 மணிப் பயிற்சி, ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒவ்வொரு ஊர் அரீனா. அதைத் தாங்கிற குடும்பமும் இருக்கு, தாங்காத குடும்பமும் இருக்கு. முதல் அவன்ர வயசுக்கான ஷின்னிக்கு ஒரு குளிர்காலம் முழுக்கக் கொண்டுபோங்கோ, தடியும், முகத்துக்குக் கூண்டு வச்ச ஹெல்மெற்றும், கையுறையும் பாவிச்சதா எடுக்கலாம். மைனஸ் 10ல ஆரும் சொல்லாம அவனா பாக்கைத் தூக்கிக்கொண்டு கதவடியில வந்து நிண்டானெண்டால் பிறகு லீக்கைப் பற்றிக் கதைப்பம், அப்ப போன் அடியுங்கோ, எங்கட பெரியவன்ர பழைய முழங்கால் காப்பு கராஜுக்குள்ள கிடக்கு, தாறன்.